பதினோரு வீட்டுக்கு ஒரு டப்பா

எனக்குச் சட்டென்று கோபம் வரும். இது என் புருஷனுக்குத் தெரியும், எங்கள் குப்பத்துக்குத் தெரியும், நான் வேலை பார்க்கிற கன்டெய்னர் யார்டின் வாசலில் வரிசை கட்டி நிற்கும் லாரி டிரைவர்களுக்கு மிக நன்றாகத் தெரியும். ஆனால் நான் செய்ததிலேயே பெரிய தப்பு கோபத்தில் செய்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டீ குடித்துவிட்டு, ஃபேனுக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நிதானமாகச் செய்தது.

பெரிய தப்பு என்றதும் வேறு எதையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் போடலாம் என்று விற்ற ஓ.எஸ்.ஸை, அதாவது கம்ப்யூட்டரை ஓட வைக்கிற சாஃப்ட்வேரை, பதினோரு கம்ப்யூட்டரில் போட்டேன். அதைக்கூட நான் பெரிசாக நினைக்கவில்லை. அதை முதலில் எந்த வீட்டில் போட்டேன் என்பதும், பிறகு கேட்டபோது என்ன சொன்னேன் என்பதும்தான் இன்னமும் உறுத்திக்கொண்டிருக்கின்றன.

எங்கள் குப்பம் திருவொற்றியூரில் இருக்கிறது. ஒரு பக்கம் எண்ணூர் போகிற சாலை, மறுபக்கம் கடல். கடல் அரிக்காமல் இருக்கக் கொட்டிய கருங்கல்லுக்கு நடுவே கொஞ்சம் மணல் மிஞ்சியிருக்கிறது. நான் பிறந்ததும் அங்கேதான், வாழ்க்கைப்பட்டதும் அங்கேதான். அண்ணன் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு வர நாலு நிமிஷம்கூட ஆகாது. யார்டின் கேட் ஆபீஸில் உட்கார்ந்து, உள்ளே வருகிற, வெளியே போகிற கன்டெய்னர்களின் நம்பரைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. அதனால் குப்பத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் அக்கா என்று பெயர். என்னைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அது பிடிக்கும் என்பதை மறைப்பானேன்.

பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த வருஷம் அது. பாடமெல்லாம் போனில் வந்தது. வீட்டுக்கு ஒரு போன்தான். அப்பன் கடலுக்குப் போனால் போனும் கூடவே போய்விடும், பிள்ளையின் கணக்குப் பாடமும் போய்விடும். அப்போதுதான் ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸைக் காலி செய்கிறார்கள், பழைய கம்ப்யூட்டர்களை வந்த விலைக்குத் தள்ளுகிறார்கள் என்று யார்டில் கேள்விப்பட்டேன். அண்ணனிடம் சொன்னேன். அவர் பெரிய வலைக்காரர்களிடம் சொன்னார். மீன் ஏற்றும் குட்டி யானை வண்டியில் பதினோரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. ஐஸ் தண்ணீர் சொட்டின வண்டி. துடைத்துத் துடைத்துப் பார்த்தும் ஒரு வாரத்துக்கு எல்லாக் கீபோர்டிலும் காரப்பொடி மீன் வாசனை அடித்தது.

பெரிய வலை என்றேனே, அதைச் சொல்லிவிட வேண்டும். ஃபைபர் படகு இன்று பல வீட்டில் இருக்கிறது. அது அவரவர் சொத்து. ஆனால் கரையிலிருந்து இழுக்கிற பெரிய வலை ஒன்று பொதுவில் இருக்கிறது. பதினோரு வீட்டார் ஆளுக்கொரு துண்டு வலை கொடுத்துச் சேர்த்துக் கட்டினது. மீன் கரையோரம் திரளாக வருகிற நாளில் எல்லோரும் சேர்ந்து இழுப்பார்கள். விற்கிற மீன் விற்பனைக்குப் போகும். குழம்பு மீனை மட்டும் மணலில் பதினோரு கூறாகக் குவிப்பார்கள். ஒரு கூறு கொஞ்சம் பெருத்திருக்கும், ஒரு கூறில் நல்ல சங்கரா மீன் ஒன்று விழுந்திருக்கும். யாருக்கு எது என்று சண்டை வராமலிருக்க ஒரு முறை உண்டு. கூப்பிடுகிறவர் கூறுகளுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நிற்பார். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேட்பார். முதுகு காட்டி நிற்கிறவர் ஒரு வீட்டைச் சொல்வார். அந்தக் கூறு அந்த வீட்டுக்கு. ஆள் பெயரைச் சொல்வது கிடையாது. வேப்பமரத்து வீடு, மாடி வீடு, டெய்லர் வீடு என்று வீட்டைத்தான் சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்ததும் அவர் திரும்பாமலே, "எத்தினி?" என்று கேட்பார். தொடுகிறவர் எண்ணிப் பார்த்து, "பதினொண்ணு" என்று சத்தமாகச் சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்ப்பார்.

இருபது வருஷமாக அப்படி முதுகு காட்டி நின்று கூப்பிடுகிறவர் என் அண்ணன். அதற்குச் சம்பளம் கிடையாது. அவருடைய கூறும் மற்றவர்களுடையது போலத்தான் எதுவாக வருகிறதோ அதுதான். ஆனால் அந்த இடத்தில் நிற்க எல்லோரையும் விடமாட்டார்கள். அண்ணன் படித்தது ஐந்தாம் வகுப்பு. தலைவர், செயலாளர் என்று ஊரில் எந்தப் பதவிக்கும் அவர் ஆசைப்பட்டதில்லை. அவருக்கு இருந்தது இந்த ஒரு மரியாதைதான், அவரும் அதைச் சட்டைப்பையில் வைத்த கண்ணாடியைப் போலப் பார்த்துப் பார்த்துத்தான் வைத்திருந்தார்.

வந்த கம்ப்யூட்டர்களில் ஒன்றிலும் ஒன்றும் இல்லை. ஆபீஸ்காரர்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் கொடுத்திருந்தார்கள். ஆன் பண்ணினால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஒரு வரி வரும், அவ்வளவுதான். ஓ.எஸ். போட்டால்தான் உயிர் வரும். யார்டில் சிஸ்டம் பார்க்கிற பையனிடம் கேட்டேன். "அக்கா, லைசென்ஸ் இல்லாத காப்பி தர்றேன், பதினொண்ணுக்கும் அடிச்சுக்கோங்க" என்றான். அண்ணனிடம் வந்து சொன்னபோது அவர் முகம் சுருங்கிவிட்டது.

"திருட்டு சரக்கா?"

"எல்லாரும் அப்டிதாண்ணா போடறாங்க."

"எல்லாரும் போட்டா போட்டுக்னு போறாங்க. புள்ளிங்க படிக்கிற சாமான்ல திருட்டு சரக்கு வோணாம்மே. பில்லு போட்டு வாங்கலாம்."

பதினோரு வீடும் சேர்ந்து கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு டப்பா வாங்கினோம். அசல் டப்பா, மேலே பளபளக்கிற ஸ்டிக்கர், உள்ளே வட்டு. பில் அண்ணன் பெயரில் போடச் சொன்னார்கள். கடைக்காரர் எழுதிக் கொடுத்த பில்லை அவர் நாலாக மடித்து ரேஷன் கார்டு வைக்கிற பாலிதீன் கவரில் வைத்துக்கொண்டார்.

டப்பாவுக்குள் ஒரு தாள் இருந்தது. பஸ்ஸிலேயே படித்துவிட்டேன். ஒரு பிரதி, ஒரு கம்ப்யூட்டர். ஆங்கிலத்தில் இருந்தாலும் குழப்பமே இல்லாமல்தான் எழுதியிருந்தார்கள். பக்கத்து சீட்டில் அண்ணன் டப்பாவை மடியில் வைத்து, புது வலை வாங்கினவர் மாதிரி தடவிக்கொண்டிருந்தார். அப்போதே சொல்லியிருக்கலாம். பதினோரு டப்பா வாங்க முடியாது என்பது எனக்குத் தெரியும், சொன்னால் பாதி வீடு கழன்றுகொள்ளும் என்பதும் தெரியும். இவையெல்லாம் நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணங்கள். நிஜக் காரணம் வேறு. ஊரே என்னை நம்பிக் காத்திருந்தது. கம்ப்யூட்டர் அக்கா வந்து முடியாது என்று சொல்வதா? எந்தக் கம்பெனிக்காரன் எங்கள் குப்பத்துக்கு வந்து வீடு வீடாக எண்ணப்போகிறான் என்று நினைத்து, தாளை மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வட்டை முதலில் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டேன். யார் கேட்டாலும் சரியாக வருகிறதா என்று பார்க்கப் போட்டதாகச் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. டப்பாவில் இருந்த நீள எண்ணை அடித்ததும், நெட் வழியாக எங்கோ கேட்டுப் பார்த்துவிட்டு, ஏற்றுக்கொண்டது என்று ஒரு பச்சை அடையாளம் வந்தது. என் மகள் கைதட்டினாள். பிறகு அண்ணன் வீட்டில் போட்டேன். அதே வட்டு, அதே எண். இந்த எண் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டது. ஆனால் முப்பது நாள் வரைக்கும் ஓட விடுமாம். சரி, ஓடட்டும், அதற்குள் பார்த்துக்கொள்ளலாம் என்று அடுத்த ஒன்பது வீட்டிலும் போட்டுவிட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் டீ கொடுத்தார்கள். டெய்லர் வீட்டில் எனக்கு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

இருபத்தெட்டாம் நாள் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அனுமதி வாங்கிவிட்டால், அதே மாதிரி மற்றதற்கும் வாங்கிவிடலாம் என்று கணக்கு. முதலில் பதிவு செய்த குரல் பேசியது. எத்தனை கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டது. ஒன்று என்று அழுத்தினேன். அது ஏமாறவில்லை. கொஞ்ச நேரம் பாட்டுப் போட்டுவிட்டு, தமிழ் பேசும் ஒரு பெண்ணிடம் இணைப்பைக் கொடுத்தது. சின்ன வயதுக் குரல், நல்ல மரியாதை. பில் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். அப்படியானால் அவரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றாள்.

ஸ்பீக்கரில் போட்டு அண்ணன் பக்கம் நகர்த்தினேன். அவர் பனியனோடு இருந்தவர், எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"சார், இந்த சாஃப்ட்வேரை எத்தனை கம்ப்யூட்டர்ல போட்டிருக்கீங்க?"

நான் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினேன். அண்ணன் என் விரலைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு போன் பக்கம் குனிந்து, கடற்கரையில் நின்று பேசுகிற அதே சத்தத்தில் சொன்னார்.

"பதினொண்ணு."

அந்தப் பெண் திரும்பக் கேட்டாள். "பதினொண்ணா சார்?"

"ஆமாம்மா. வேப்பமரத்து வூடு, மாடி வூடு, டெய்லர் வூடு, ஐஸ்காரர் வூடு..." என்று ஆரம்பித்துப் பதினோரு வீட்டையும் ஒன்று விடாமல் சொன்னார். என் வீட்டை, டேங்க் வூடு என்று ஏழாவதாகச் சொன்னார். எங்கள் சுவரை ஒட்டித் தண்ணீர் டேங்க் இருக்கிறது. "அல்லாரும் பங்கு போட்டு வாங்கினது. பில்லுதான் என் பேருல கீது."

அவள் கோபப்படவில்லை. சிரிப்பை அடக்கினாள் என்றுகூட எனக்குத் தோன்றியது. "சார், இது ஒரு கம்ப்யூட்டருக்கான லைசென்ஸ். முதல்ல எதுல போட்டீங்களோ அதுல மட்டும் இருக்கலாம். மத்ததுல இருந்து எடுத்துடணும் சார். இனிமே இந்த நம்பரை வேற எதுலயும் ஏத்துக்காது" என்றாள். அண்ணன் சரிம்மா என்றார், நன்றி சொன்னார். அவள் வைக்கிற வரைக்கும் காத்திருந்து, பிறகு வைத்தார்.

எனக்கு வந்ததே கோபம். "நான்தான் வெரல காட்னேன்ல? ஒண்ணுன்னு சொல்ல வேண்டியதுதான? வாய வெச்சிகினு கம்முனு இருந்தா இன்னா?"

அண்ணன் சட்டையைக் கழற்றி மறுபடி ஆணியில் மாட்டினார். "ஒண்ணுன்னு சொன்னா இன்னாமே அர்த்தம்? மத்த பத்து வூட்டு பங்க நான் முழுங்கிட்டேன்னு ஆவுதே. எத்தினின்னு ஒருத்தர் கேட்டா நான் எப்டி கொறச்சி சொல்வேன்?"

அவர் சொன்னதில் ஒரு நியாயமும் இல்லை, முழு நியாயமும் இருந்தது. மாட்டின சட்டையை நீவி விட்டபடியே அவர் கேட்டார். "மொதல்ல போட்டது மட்டும்தான் ஓடும்னு சொல்லுச்சே அந்தப் பொண்ணு. மொதல்ல எந்த வூட்ல போட்ட?"

"ஞாபகம் இல்லண்ணா" என்றேன்.

இதனால் பிறகு கறுத்துப்போன திரைகளுக்காக நான் இவ்வளவு எழுதிக்கொண்டிருக்கவில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன். அண்ணனிடம் நான் பொய் சொன்னதே இல்லை என்று சொல்லமாட்டேன். சின்ன வயதில் நிறையச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இப்படி, அவர் முகத்தைப் பார்த்து, அவர் நம்பிவிடுவார் என்று தெரிந்தே சொன்னதில்லை. அவரும் நம்பிவிட்டார்.

மூன்றாம் நாள் பத்து வீட்டிலும் திரை கறுத்தது. மூலையில் ஒரு வரி நின்றது, இந்தப் பிரதி உண்மையானது அல்ல என்று. மணிக்கொரு தடவை தானாக அணைந்து எழுந்தது. பாதிப் பாடத்தில் அணைந்தால் பிள்ளைகள் கத்தும். ஐஸ்காரர் மகள் அந்த ஆங்கில வரியைத் தமிழில் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. நம் வீட்டில் இருப்பது திருட்டுக் கம்ப்யூட்டராம் என்று குப்பம் முழுக்கப் பேச்சு. பில் போட்டு வாங்க வேண்டும் என்று நின்றவர் அண்ணன், இப்போது அவரைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். எப்படி இப்படி ஆனது என்று கேட்டவர்களிடம் அவர் ஒளிக்கவில்லை. போனில் கேட்டாங்க, பதினொண்ணுன்னு சொன்னேன் என்றார். அவ்வளவுதான், எல்லோருக்கும் பழி போட ஒரு ஆள் கிடைத்துவிட்டது.

"நல்லா ஓடிக்கினு இருந்தத ஒரு வார்த்தைல நிறுத்திட்டாம்ப்பா" என்றார் மாடி வீட்டுக்காரர். அவருக்கு ரொம்ப நாளாகவே அண்ணனைப் பிடிக்காது. "பங்கு பிரிக்கிறவனுக்கு எங்க பேசணும், எங்க பேசக்கூடாதுன்னு தெரியணும். சொம்மா இருந்த பத்து வூட்டு பங்கையும் தண்ணில போட்டான்."

என் வீட்டில் மட்டும் கம்ப்யூட்டர் நன்றாக ஓடியது. நீல ஆகாயமும் பச்சைப் புல்லுமாகப் படம் வைத்திருந்தோம். மகளை விட்டு அதைக் கறுப்பாக மாற்றச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். கண்ணுக்கு நல்லது என்றேன். ஜன்னல் பக்கம் ஒரு துணியைக் கட்டினேன். ஒரு பொய் போதவில்லை, அதற்கு மேல் திரை, அதற்கு மேல் துணி. என் புருஷன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் அதிகம் பேசாத மனுஷன்.

அந்த வெள்ளிக்கிழமை வலையில் நல்ல பாடு, நிறைய மீன். நான் யார்டுக்குப் போகக் கிளம்பினவள், கல்லுக்கு மேலே நின்று கொஞ்சம் வேடிக்கை பார்த்தேன். மணலில் பதினோரு கூறு குவித்திருந்தார்கள். அண்ணன் வழக்கம்போல முன்னால் வந்து கடலைப் பார்த்து நின்றார். அப்போது மாடி வீட்டுக்காரர், "இன்னிக்கு வேற யாராச்சும் கூப்டட்டும்" என்றார். சத்தம்கூடப் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். யாராவது வேண்டாம் என்பார்கள் என்று பார்த்தேன். எல்லோரும் மணலைப் பார்த்தார்கள். அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. நின்ற இடத்தை விட்டு நகர்ந்து, ஒரு கருங்கல் மேல் போய் உட்கார்ந்து, காலில் ஒட்டின மணலைத் தட்டினார். மாடி வீட்டுக்காரரே நின்று கூப்பிட்டார். எத்தினி என்று கேட்க அவருக்குத் தெரியவில்லை. கேட்காமலே திரும்பிவிட்டார்.

அன்றைக்கு யார்டில் நாலு கன்டெய்னர் நம்பரைத் தப்பாக அடித்தேன். ஒரு டிரைவரிடம் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் எங்கள் கூறு வந்திருந்தது. நெத்திலி, காரப்பொடி, நடுவில் பெரிய சங்கரா ஒன்று. என் புருஷன் அதைக் கழுவிக்கொண்டே, "ஒங்கண்ணன் அவன் கூற எத்துகினு போவல. அங்கயே வுட்டுட்டு போயிட்டான்" என்றார். பிறகு, மீனிலிருந்து கண்ணை எடுக்காமல், "மொதல்ல நம்ம வூட்லதான போட்ட?" என்று கேட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவமானத்தில் வந்த அழுகை, நல்ல குணத்தில் வந்ததல்ல. "ஆமா" என்றேன்.

"அத்த ஊர் முன்னாடி போயி சொல்லு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மன் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ஊர்க்கூடத்தில் கூட்டம். வேறு ஏதோ விஷயத்துக்குத்தான் கூடியிருந்தார்கள், படகு நிறுத்துகிற இடத்தைப் பற்றி. அது முடிகிற வரை சுவரோரம் நின்றிருந்தேன். பெண்கள் பேசக்கூடாது என்றெல்லாம் எங்கள் ஊரில் கிடையாது. மீன் விற்கிற பெண்கள் பேச ஆரம்பித்தால் ஆண்கள்தான் வெளியே போவார்கள்.

கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்துக் காட்டினேன். "இதுல ஒரு கம்ப்யூட்டர்னுதான் போட்டுக்கீது. வாங்கின அன்னிக்கே பஸ்ல படிச்சிட்டேன். படிச்சிட்டுதான் பதினொண்ணுலயும் போட்டேன். அண்ணனுக்குத் தெரியாது. கேட்டாங்க, உள்ளத சொன்னாரு. மொதல்ல போட்டது எங்க வூட்டுல. அது இன்னும் ஓடுது. அண்ணன் கேட்டப்போ ஞாபகம் இல்லன்னு சொன்னேன். ஞாபகம் இருந்துச்சி."

ஒரே நேரத்தில் எல்லோரும் பேசினார்கள். டெய்லர் வீட்டு அம்மா ரவிக்கைத் துணியைத் திருப்பித் தரச் சொன்னாள், நியாயம்தான். மாடி வீட்டுக்காரர் எழுந்தார். "பதினோரு பேரு பங்க ஒரே வூட்ல வெச்சி பூட்டிகினு இருந்திருக்கு. இந்த வூட்ட வலப் பங்குல இருந்தே நிறுத்துங்க. இன்னா தப்பு?" என்றார். தப்பு என்று யாரும் சொல்லவில்லை. என் புருஷன் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய அப்பா காலத்திலிருந்து அந்த வலையில் எங்கள் துண்டு இருக்கிறது.

நான் அண்ணனைப் பார்த்தேன். கூடத்தின் வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. கூடப் பிறந்தவர் என்று எனக்காகப் பேசுவார் என்று நான் எதிர்பார்த்தேன் என்றால் அதுவும் உண்மைதான். அவர் பேசவில்லை. பேசியிருந்தால் அவர் அந்த இடத்தில் நிற்கவே தகுதி இல்லாதவராகியிருப்பார் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

கடைசியில் ஐஸ்காரர்தான் வழி சொன்னார். ஓடுகிற அந்த ஒரு கம்ப்யூட்டரைக் கூடத்தில் கொண்டுவந்து வைப்போம், காலை ஆறிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை பதினோரு மணி நேரம் இருக்கிறது, வீட்டுக்கு ஒரு மணி என்று முறை வைத்தால் பிள்ளைகள் அன்றைய பாடத்தைப் பார்த்து எழுதி அனுப்பிவிடலாம் என்றார். எல்லோருக்கும் சரியென்று பட்டது. ஆனால் எந்த மணி யாருக்கு? காலை பத்து மணி எல்லோருக்கும் வேண்டும், ஆறு மணி யாருக்கும் வேண்டாம். என் வீட்டை என்ன செய்வது என்பதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வேண்டுமென்றே விட்டார்களா, மறந்தார்களா தெரியாது.

என் புருஷன் எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டரைத் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். மானிட்டரைக் கையில் பிடித்தபடி பின்னால் என் மகள். அவள் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. எனக்கு அது சரியான தண்டனையாகத்தான் பட்டது.

"யாரு கூப்டறது?" என்று யாரோ கேட்டார்கள். இந்த முறை யாரும் மணலைப் பார்க்க முடியாது, கூடத்தில் சிமெண்டுத் தரைதான். எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். மாடி வீட்டுக்காரர்கூடப் பார்த்தார். அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நின்றார்.

"தொடறது யாரு?" என்று ஐஸ்காரர் கேட்டார்.

"அதத்தான் தொடச் சொல்லு" என்று என்னைக் குறித்துச் சொன்னார் அண்ணன், திரும்பாமல்.

பதினோரு துண்டுத் தாளில் ஒவ்வொரு மணியாக எழுதித் தரையில் பரப்பினேன். நல்ல மணிகளை முதலில் தொட்டேன். கெட்டது கடைசியில் மிஞ்சட்டும், அது எனக்குக் கிடைத்தாலும் சரி, கிடைக்காமல் போனாலும் சரி என்று நினைத்தேன். பத்து மணியைத் தொட்டு, "இது யாருக்கு?" என்றேன்.

"கெணத்து வூடு."

பதினோரு மணி. டெய்லர் வீடு. ஒன்பது மணி, மாடி வீடு. தன்னைக் கடற்கரையிலிருந்து நகர்த்தின ஆளுக்கு ஒன்பது மணி போகிறது என்று அண்ணனுக்குத் தெரியாது, தெரிந்தாலும் அவர் குரல் மாறியிருக்காது. ஒவ்வொரு தாளாகக் குறைந்தது. ஏழாவது தாளைத் தொட்டபோது, போனில் சொன்னது போலவே என் வீட்டைச் சொல்வார் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். பச்சைக் கதவு வீடு என்றார். எட்டாவது, ஒன்பதாவது. பத்தாவதாகத் தன் வீட்டைச் சொன்னார். தரையில் ஒரே ஒரு தாள் கிடந்தது, காலை ஆறு மணி.

அதைத் தொட்டேன்.

"இது யாருக்கு?"

அண்ணன் உடனே சொல்லவில்லை. வெளியே அலைச் சத்தம் கேட்டது. சாலைப் பக்கம் ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது. மாடி வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் புருஷன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேங்க் வூடு" என்றார் அண்ணன்.

யாரும் மறுத்துப் பேசவில்லை. அங்கே நின்று அவர் சொல்லிவிட்டால் அது முடிந்த விஷயம். பிறகு சில மாதம் கழித்து, காசில்லாமல் எத்தனை கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று தருகிற ஓ.எஸ். ஒன்று இருப்பதைத் தெரிந்துகொண்டு, தட்டுத் தடுமாறிக் கற்று, கறுத்துக் கிடந்த பத்து கம்ப்யூட்டரிலும் போட்டுக் கொடுத்தேன். இந்தத் தடவை தாளை ஊர்க்கூடத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டுத்தான் போட்டேன். ஆனால் அன்றைக்கு அதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்கு முன்னால் பதினோரு தாளும், வாசலில் அண்ணனுடைய முதுகும் மட்டும்தான் இருந்தன.

அவர் இன்னும் திரும்பவில்லை. எதற்காக நிற்கிறார் என்று எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை.

"எத்தினி?" என்று கேட்டார்.

நான் ஒவ்வொரு தாளாகத் தொட்டு எண்ணினேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பதினொண்ணு" என்றேன். அதற்குப் பிறகுதான் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார்.